டானாங் டிராகன் பாலத்தில் அக்காவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

டானாங் விமான நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது சனிக்கிழமை காலை 10.40. மொன்றியலில் அப்போது வெள்ளிக்கிழமை இரவு 10.40. மூன்று விமானங்கள், முப்பத்தொரு மணித்தியாலம், நான்கு வயது மகள். நாங்கள் புறப்பட்டபோது கர்க்லாண்டில் எங்கள் வீட்டு வாசலில் முழங்கால் அளவு பனி கிடந்தது. இங்கே வெளிக்கதவு திறந்ததும் ஈரமான சூடு முகத்தில் அடித்தது. மகள் ஆரணியின் கையில் எனது ஃபோன் இலக்கத்தைப் பேனாவால் எழுதியிருந்தேன். அது வியர்வையில் கரைந்துவிட்டதா என்று இரண்டு தரம் பார்த்தேன்.

அக்கா ஒரு மணித்தியாலம் முன்பே கொழும்பிலிருந்து கோலாலம்பூர் வழியாக வந்து, வெளியே குடையோடு நின்றார். அவரைக் கண்டு ஏழு வருடம். ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பேன் என்று நினைத்திருந்தேன். அவரோ என் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, சாப்பிடுறேல்லையோ?" என்றார். ஆரணி எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

ஊரில் சந்திக்காமல் ஏன் வியட்நாம் என்று நண்பர்கள் கேட்டார்கள். கடந்த வருடம் அக்காவை மொன்றியலுக்கு அழைக்க விண்ணப்பித்தோம். விசா மறுக்கப்பட்டது. என் கணவருக்கு இன்னும் குடியுரிமை வராததால் அவரால் ஊருக்குப் போக முடியாது. நான் மட்டும் மகளோடு யாழ்ப்பாணம் வருகிறேன் என்றேன். "நீ இஞ்ச வந்தா சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய் வாறதிலேயே லீவு முடிஞ்சிடும். நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கேலாது. நானும் ஒருக்கால் பிளேன் ஏறிப் பாக்கிறன்" என்று அக்காதான் சொன்னார். வியட்நாம் விசா சில நாட்களில் ஃபோனுக்கே வந்துவிட்டது. கணவருக்கு லீவு கிடைக்காததால் நானும் மகளும்தான் புறப்பட்டோம்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். கனடா விண்ணப்பத்தை நிரப்பியது நான். எங்கள் வீட்டில் எல்லாப் போமும் நான்தான் நிரப்புவேன், மூன்று தரம் சரிபார்ப்பேன். அக்காவின் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அக்கா பதினாறு வருடமாக வீட்டு விறாந்தையில் கணித ரியூசன் கொடுக்கிறார். நாற்பது பிள்ளைகளுக்குக் குறையாது. ஆனால் எங்கள் வீட்டில் அதை ஒருவரும் வேலை என்று சொல்வதில்லை. 'அவள் வீட்டில்தான் இருக்கிறாள்' என்பார்கள். என் கைக்கும் அதுதான் வந்தது. சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவைக்கும் வேலை எதுவும் அவருக்கு இல்லை என்று மறுப்புக் கடிதம் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. அக்காவிடம் அதை நான் சொல்லவில்லை. நேரில் சொல்லவேண்டும் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன்.

விமான நிலையத்திலிருந்து ஹான் ஆற்றின் மேற்குக் கரையில் இருந்த விடுதிக்கு மூன்று கிலோமீற்றர், ஐம்பதாயிரம் டொங். எங்கள் காசில் மூன்று டொலருக்கும் குறைவு. சாரதி கண்ணாடியில் எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றார் அக்கா.

"ரெண்டு பேருக்கும் ஒரே முகமாம்."

"பாவம், அந்தாளைக் கண்ணாடி மாத்தச் சொல்லு."

சனி, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் பாலத்து டிராகன் நெருப்புக் கக்கும், பிறகு தண்ணீர் பீச்சும், தலைக்குக் கிட்ட நிற்காதீர்கள் என்று அவரே சொன்னார். அன்று நேரமாற்றம் எங்களை விழுத்திவிட்டது. எட்டு மணிக்கே மூவரும் கட்டிலில். அக்கா எதுவும் கேட்காமல் சுவர்ப் பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு விளிம்பில் படுத்தார். சின்ன வயதில் நான் உருண்டு விழுவேன் என்று அப்படித்தான் படுப்பார். இப்போது விழுகிற வயதில் என் மகள் நடுவில் கிடந்தாள். எனக்கு நித்திரை வரவில்லை. சொல்லுவோமா என்று யோசித்துக்கொண்டிருக்க அக்காவின் மெல்லிய குறட்டை கேட்டது. இருட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பதே போதும் போலிருந்தது.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வெளிக்கிட்டு நின்றோம். அக்கா கதவடியில் நின்றுவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு. அரை மணித்தியாலத்தில பாலம் கடக்கேலாது."

"சரி, ஆறுக்குப் போவம்."

"இஞ்சத்தைய நேரத்துக்கோ, எங்கட நேரத்துக்கோ?"

யாழ்ப்பாணத்துக்கு நாலரை என்றால் டானாங்கில் ஆறு. கனடாவில் படித்த பெண்ணாக நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளையோடு வந்த இடம், ஏன் வீண் வம்பு என்று, "ரெண்டையும் விலத்துவம்" என்றேன். அப்படியாக நாலரையிலிருந்து ஏழரைவரை, உலகம் சுற்ற வந்த மூன்று பேர் விடுதி அறைக்குள் இருந்தோம். அக்கா பொதியைத் திறந்து மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் எடுத்துவைத்தார். நான் என் பொதியைத் திறந்து விற்றமின் போத்தல்களும் சொக்கிலேற்றும் வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே பாலத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திராது. நான் விற்றமினை எப்போது குடிக்கவேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

7.40க்குப் பாலத்தில் ஏறினோம். நீளம் 666 மீற்றர். ஆறு வாகன வரிசைகளுக்கு நடுவே, வளைந்து எழும்பித் தாழும் இரும்பு உடலாக அந்த டிராகன் ஆற்றைத் தாண்டிக் கிடக்கிறது. மஞ்சள், பச்சை, ஊதா என்று நிறம் மாறிக்கொண்டே இருந்தது. நடைபாதையில் காற்று நன்றாக அடித்தது. நான் ஆரணியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் கடக்கிற விளக்குக் கம்பங்களைத் தனக்குள் பிரெஞ்சில் எண்ணிக்கொண்டு வந்தாள். அக்கா அதைக் கவனித்தார்.

"எனக்கும் சொல்லித் தாங்கோ. அன், டூ, அஞ்சு."

ஆரணி நின்றுவிட்டாள். "இல்லை! அன், டூ, த்ருவா!"

"ஓ, சரி சரி. அன், டூ, த்ருவா, ஒன்பது."

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்கு முறைப்பாடு செய்துவிட்டு, அவரின் கையைப் பிடித்து முன்னே இழுத்துக்கொண்டு போனாள். மறுகரை வந்தபோது அக்கா இருபதுவரை பிழையில்லாமல் எண்ணினார். அதற்குப் பிறகு பாலம் முடியும்வரை ஆரணி என் பக்கம் திரும்பவில்லை. பெருக்கல் வாய்ப்பாட்டை அக்கா இப்படித்தான் பிழையாகச் சொல்லிச் சொல்லி எனக்குப் பழக்கினார். இன்று மொன்றியலுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் நான் சம்பளம் வாங்குகிறேன் என்றால் அது அந்த விறாந்தையில் தொடங்கியது.

கிழக்குக் கரையில், டிராகனின் தலைக்குக் கிட்ட, சோன் ட்ரா இரவுச் சந்தை. நீளமான வரிசைகளில் சின்னச் சின்னக் கடைகள். கரியில் சிப்பி வாட்டும் புகை, வெட்டிய மாம்பழம், செருப்பு, காந்தப் பொம்மைகள். ஒரு அம்மா அரிசித் தாளில் முட்டையும் வெங்காயத்தாளும் போட்டுக் கரியடுப்பில் சுட்டுத் தந்தார். ஒன்று முப்பதாயிரம் டொங். நிலக்கடலை இருக்கிறதா, சூடாக இருக்கிறதா, கை கழுவினாரா என்று என் கேள்விகள் முடிவதற்குள் ஆரணி பாதியைத் தின்றுவிட்டாள்.

அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். எங்கிருந்து வருகிறோம், யார் மூத்தவர் என்று விசாரித்தார். பிறகு என்னிடம், "வேலை?" என்றார். அலுவலகம், கணக்கு என்றேன். அக்காவைக் காட்டி, "இவர்?" என்றார்.

"ரீச்சர்" என்றேன். "மெத்ஸ் ரீச்சர்."

அம்மா மரியாதையோடு தலையை ஆட்டினார். அக்கா மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போமில எழுதேல்லை. அரிசித்தாள் சுடுற மனிசிக்குச் சொல்லுறாய்."

"அக்கா, உங்களுக்குத் தெரியுமோ?"

"விசரி, நான் வாசிக்காமலே கையெழுத்து வைப்பன்?"

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"அப்ப எனக்கும் உறைக்கேல்லை." பிளாஸ்டிக் கதிரையை அக்கா என் பக்கம் இழுத்துப் போட்டார். "வேலை இல்லை எண்டு நீ எழுதியிருக்கிறாய், நான் சரியெண்டு வைச்சிட்டன். மறுமொழி வந்த அண்டைக்குப் பின்னேரமும் வகுப்பு. நாப்பத்திரண்டு பேர் வந்து இருக்கினம். அப்பதான் வெக்கமாப் போச்சு. உன்னில கோவமில்லையடி. ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு நானுமல்லோ சொல்லாமல் இருந்திட்டன்."

நான் அழுதேன். அரிசித்தாள் அம்மா பதறி எனக்கு ஒரு கடதாசிக் கைக்குட்டை தந்தார். மிளகாய் கூடிவிட்டதென்று நினைத்திருப்பார்.

"திரும்பப் போடுவமே அக்கா?"

"போடுவம். ஆனா போமை நான் நிரப்புறன். நீ கை வைக்காதை."

ஒன்பது மணிக்கு வாகனங்களை மறித்துவிட்டார்கள். நான் அழுது முடித்து வருவதற்குள் நல்ல இடமெல்லாம் போய்விட்டது. சாரதி வேண்டாம் என்ற இடத்துக்கே கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. டிராகன் குமுறிக் குமுறி நெருப்பைத் துப்பியது. ஒவ்வொரு தரமும் முகத்தில் சூடு பட்டது. ஆரணி அக்காவின் தோளில் இருந்து அதையும் பிரெஞ்சில் எண்ணினாள். பிறகு தண்ணீர் வந்தது. மூவரும் முழுக நனைந்தோம். தடிமன் பிடிக்கும் என்று நான் கத்த, "பேசாமல் நில்லடி" என்று அக்கா சிரித்தார். அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போன காலத்தில்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் விமான நிலையத்தில் பிரிந்தோம். அக்காவின் வாசல் ஐந்தாம் இலக்கம், எங்களுடையது ஒன்பது. பிள்ளையின் தலையைத் துவட்டிவிடு, கண்டபடி யோசிக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

மொன்றியலிலும் ஒரு பெரிய பாலம் இரவில் நிறம் மாறி ஒளிர்கிறது. வேலை முடிந்து லொங்குய்யில் மெட்ரோ ஏறப் போகும்போது அதைப் பார்ப்பேன். பிறகு மெட்ரோ ஆற்றுக்கு அடியால் போய்விடும். முன்பு அதைக் கவனித்ததே இல்லை. இப்போது ஐந்து நிமிடம் நிற்கிறேன், குளிரில். நனைந்த சட்டையும் அக்காவின் சிரிப்பும் நினைவு வரும். அந்த நான்கு நாட்களை இன்னும் கொஞ்சம் மெதுவாகக் கழித்திருக்கலாம் என்று தோன்றும்.

போன கிழமை அக்கா போமை அனுப்பினார். தொழில் என்ற இடத்தில் 'கணித ஆசிரியை, பதினாறு வருடம்'. அத்தாட்சிக்கு, வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்களிடம் கடிதம் கேட்டிருக்கிறார். இருபத்தேழு கடிதங்கள் வந்திருந்தன. அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றக் கொடுக்க முன்னர் எல்லாவற்றையும் வாசித்தேன். ஓட்டோ ஓட்டும் ஒரு தகப்பன், கனடா அரசாங்கத்துக்கு நேரடியாகவே எழுதியிருந்தார்: 'எங்கள் ரீச்சரைச் சந்தோசமாக அனுப்புகிறோம். பிள்ளைகளின் சோதினைக்கு முன்னம் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள்.'

தங்கும் காலம் என்ற இடத்தைப் பார்த்தேன். போன தடவை நான் அதில் ஆறு மாதம் என்று எழுதியிருந்தேன். அக்கா மூன்று கிழமை, இருபத்தொரு நாள், என்று எழுதியிருந்தார். பேனாவை எடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன்.