அக்காவின் விரல் கையெழுத்து

ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நான் கிராணி, எழுத்தர் வேலை. வாடகை ஒப்பந்தம், வேலை நியமனக் கடிதம் எல்லாவற்றையும் கைப்பேசிக்கு அனுப்பி, விரலாலேயே கையெழுத்து வாங்கிவிடுவேன். பேனாவைத் தேடித் தயங்கும் பெரியவர்களிடம், "சட்டமே ஒத்துக்கிச்சு அங்கிள், பயப்படாதீங்க" என்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

என் அக்கா மருத்துவமனையில் கிடந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தம்பி, வீடு பிள்ளைக்குப் போகணும். எழுதிரு."

பிள்ளை என்றால் அவள் வளர்த்த பெண். கைக்குழந்தையாக வந்தவள், இப்போது பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். "நம்ம பிள்ளைக்கு எதுக்குலா சூராட், பத்திரம்லாம்?" என்று அக்காவும் அத்தானும் தத்தெடுத்ததைப் பதியாமலே விட்டுவிட்டார்கள். அத்தான் இல்லை, எங்கள் பெற்றோரும் இல்லை. உயில் இல்லையென்றால் ஜெலுத்தோங்கில் இருக்கும் அக்காவின் வீடு எனக்கும் அண்ணனுக்கும்தான் வரும். அவளுக்கு ஒரு செங்கல்கூடக் கிடைக்காது.

உயிலைத் தாளில் அச்சடித்து, இரண்டு சாட்சிகளைக் கட்டிலருகே நிறுத்தியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. "உசுரு இருக்கும்போதே எழுதி வாங்குறாரு" என்று அண்ணி சொல்லுவார், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் சாட்சிகளோடு போய் நின்றால், நீ பிழைக்க மாட்டாய் என்று நானே அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னதுபோல் ஆகிவிடாதா? அந்த நேரத்தில் அது அபசகுனமாகத் தோன்றியது. அதனால் உயிலையும் கைப்பேசியில்தான் அனுப்பினேன். அக்கா படுத்தபடியே விரலால் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இவ்ளோ லேசா?" என்று சிரித்தாள். அவளுடைய அண்டை வீட்டார் இருவர் அவரவர் வீட்டிலிருந்தே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் வழக்கறிஞர் அம்மாவிடம் காட்ட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அவரிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாடகைக்கு இது ஓகேலா. உயிலுக்கு ஆகாது. கைப்பேசிக் கையெழுத்த ஒத்துக்குற அந்தச் சட்டத்துலயே உயில விலக்கி வெச்சிருக்கு. தாள்ல, ரெண்டு சாட்சியும் கூட நிக்கும்போது போட்டிருக்கணும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை.

என் பங்கைப் பிள்ளைக்கே எழுதிக் கொடுத்தேன், இந்த முறை பேனாவால். அண்ணனிடம் கெஞ்சியும் பார்த்தேன்.

"சட்டம் என்ன சொல்லுதோ அதுபடி செய்வோம். நீதானே லாயர் ஆபீஸ்ல இருக்க" என்றார் அண்ணன்.

அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்தவன் நான், நுழைந்தவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? பாதி வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது. விற்பது என்று முடிவானது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அவளைச் சுட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன். வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டாள். போன வாரம் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினாள்.

"மாமா, வீட்டுக்காரர் அக்ரிமெண்ட் அனுப்பியிருக்காரு. கொஞ்சம் பாத்து சொல்லுங்க."

இரண்டு முறை படித்தேன். குறை ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கொண்டுபோன விரலை அவள் அப்படியே நிறுத்தினாள்.

"இதுவாச்சும் செல்லுமா மாமா?"

"செல்லும்மா" என்றேன்.