பிந்தி ஒலிக்கும் மணி

கயிற்றைப் பிடிக்குமுன் மேவிஸ் இரண்டு உள்ளங்கையிலும் எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொள்கிறாள். தேவாலயத்தில் செய்கிற காரியமா என்று பாதிரியார் ஒருமுறை கேட்டதற்கு, கயிறு வழுக்கினால் நீங்கள் வந்து பிடிப்பீர்களா என்றாள். அதற்குப் பிறகு அவர் கோபுரத்துக்குள் வருவதில்லை.

எங்கள் பென்ஃபர்லி கோபுரத்தில் ஆறு மணிகள்; ஆளுக்கொரு கயிறு. வரிசை பிசகாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்க வேண்டும். நான் நான்காவது. எனக்கு அடுத்த கயிறு ஆறு வருடமாகக் கொக்கியில் சுருண்டு கிடக்கிறது. அது மேவிஸின் கணவன் ரெக்குடையது. அந்த இடத்தில் ஒரு வெறுமை விட்டு ஆறாவது ஒலிக்கும். ஊரே அந்தப் பொக்கைவாய் ஓசைக்குப் பழகிவிட்டது. புதிதாக ஆள் சேர்க்கலாமே என்று யாராவது சொன்னால் மேவிஸுக்குக் காது கேட்பதில்லை.

ரெக் எப்போதும் கொஞ்சம் பிந்துவான். ஒரு கல்யாணத்தன்று எல்லார் முன்பும் அவள் வெடித்துவிட்டாள்: "முப்பது வருஷமா ஒரு மணிய நேரத்துக்கு அடிக்கத் தெரியல. நீயெல்லாம் ஒரு ஆளா?"

அவன் கயிற்றைச் சுருட்டி மாட்டினான். அன்றே இரண்டு மைல் தள்ளி, ஸ்டோக் ஹார்வியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவன்தான். அங்கேயும் மணி அடிக்கிறான்.

ஞாயிறுகளில் எங்கள் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அங்கே மணி தொடங்கும். மேவிஸ் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் சாய்ந்து நிற்பாள். கேட்டால், காற்று வாங்குகிறேன் என்பாள். ஐந்து மணிகள் சரியாக வரும், ஒன்று பிந்தும்.

"கேட்டியா, இன்னும் திருந்தல கழுத" என்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவளுக்கு அவன் வேண்டும். கூப்பிடத்தான் வாய் வரவில்லை. நானே போய்ச் சொல்லிவிடலாமா என்று பலமுறை நினைத்திருக்கிறேன். சொன்னால் என்னைத் தொலைத்துவிடுவாள்.

போன ஞாயிறு ஆறும் சரியாக ஒலித்தன. மேவிஸ் நிமிர்ந்தாள். அடுத்த சுற்று வந்தது. அதுவும் சரியாகவே இருந்தது.

"அது அவன் இல்ல, கென்."

சளி பிடித்திருக்கும், எங்காவது வெளியூர் போயிருப்பான் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவள் காதில் எதுவும் விழவில்லை. வீட்டில் அவளுடைய ஆட்டுத்தொடை வெந்துகொண்டிருந்தது. தனி ஆளுக்கு எதற்கு ஞாயிறுதோறும் முழுத்தொடை என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. பையைத் துழாவி, பக்கத்து வீட்டுக்காரனான என் கையில் சாவியை வைத்தாள்.

"அடுப்ப அணைச்சிரு."

பிறகு தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல், ஸ்டோக் ஹார்வி போகும் ஏற்றத்தில் நடக்கத் தொடங்கினாள்.