மணல்மேட்டைச் சூழ்ந்த தண்ணீர்

கண்மாயில் விளையாடிவிட்டு வந்த மகளின் காலைக் கழுவும்போது எழுந்த சேற்று வாடை, சிறுவயதில் அம்மாவும் நானும் படகில் போன அலையாத்திக் காட்டுத் தீவுக்கு என்னை இழுத்துப்போனது. மண்ணைத் துளைத்து நின்ற கூரான வேர்களுக்கிடையே நண்டுகள் சரசரத்தன. கண்மாய்த் தண்ணீரை மட்டுமே அறிந்த உசிலம்பட்டிக்காரியான அம்மா, என்னை ஒரு மணல்மேட்டில் உட்காரவைத்து, "அசையாத, வாரேன்" என்றுவிட்டு நாரைகளைப் பார்க்கப் போனாள். நீர் ஏறி மேட்டைச் சூழ்ந்து என் மடியை நனைத்தது. அழுதேனே தவிர அசையவில்லை.

தண்ணீரில் விழுந்தடித்து ஓடிவந்து என்னை அள்ளிய அம்மா, முதுகில் அறைந்தாள்.

"எந்திரிச்சு ஓடியார வேண்டியதுதானடி!"

"நீதானம்மா அசையாதன்ன?"

எங்களைக் கூட்டிவந்த படகுக்காரர் சிரித்தார். "கம்மாத் தண்ணின்னு நெனச்சீகளாக்கா? கடலு ஏறும்ல!"

அம்மா சிரிக்கவில்லை. அந்தத் தீவையே இப்போது கடல் மூடிவிட்டதாம். கூட்டத்தில் மகளை நிறுத்திவிட்டு நகரும்போது, "அசையாதே" என்று சொல்ல நா எழுவதில்லை. சொல்லாமல் போகவும் கால் வருவதில்லை.