களரில் கொட்டிய சாம்பல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் சிட்டம்மாளுக்குச் சொந்தமாக நிலம் கிடைத்தபோது சாலவாக்கத்தில் சிரிக்காத ஆள் இல்லை. ஏரிக்குக் கீழே புல்கூட முளைக்காத களர் அது. வெயில் காலத்தில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். சலவைக்கார ஜெயம்மாள் அங்கேதான் உவர்மண் வாரிக்கொண்டு போய்த் துணிகளுக்கு வெள்ளாவி வைப்பாள். சர்க்கார் தானம் கொடுக்கிற லட்சணம் அப்படி! அதிலும் ஒரு நிபந்தனை. சொன்ன கெடுவுக்குள் பயிர் ஏறாவிட்டால் பட்டா ரத்து.

தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் வயலில் நாற்று நட்ட குடும்பம். அவளுக்கு அந்தக் களர்தான் எல்லாம். பக்கத்து வீட்டுக்காரி நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். கூலி முடிந்து வந்தால் கஞ்சி குடிக்கக்கூட உட்காராமல் அங்கே ஓடுவாள்.

ஒருநாள் விவசாயத்துக்கு யோசனை சொல்லும் சர்க்கார் ஆள், கிராம சேவக், சைக்கிளில் வந்தார். மண்ணை உதிர்த்துப் பார்த்தார்.

"இதுல சோடியம் ஏறிக் கெடக்குதும்மா. அதான் தண்ணிய உள்ள விடாம இறுகிப் போவுது. ஜிப்சம் போட்டுத் தண்ணி கட்டு. அதுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளிடும். தண்ணிய வடிச்சா அதோட போயிடும்" என்றார். உத்திரமேரூர் உர டிப்போவில் கிடைக்கும் என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்தும் காட்டினார். வெள்ளை வெளேரென்று மாவு.

சிட்டம்மாள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! அவர் சைக்கிள் ஏறியதும் என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

"இன்னாக்கா சொல்றாரு இந்த ஆளு? வெள்ளையா பூத்துதான் நெலமே செத்துக் கீது. அதும்மேல இன்னும் வெள்ளையக் கொட்டச் சொல்றாரே! எங்கிட்டேர்ந்து புடுங்கறதுக்கு வழி பண்றாங்கோ."

எங்கள் ஊரில் கத்திரி சோர்ந்தால் சாம்பல், அவரையில் பூச்சி என்றால் சாம்பல். பொய்யில்லை, அதில் பொட்டாசியம் இருக்கிறது. அவள் புறக்கடைக் கத்திரி அதில்தான் காய்த்துக் குலுங்கியது. அந்த நம்பிக்கையில் வீடு வீடாக அடுப்புச் சாம்பல் வாங்கினாள், சூளையில் வாரினாள், ரைஸ் மில் வாசலில் கூடையோடு காத்து நின்றாள். சுமந்து சுமந்து உச்சி முடி கொட்டிப்போனது. அடக் கடவுளே, அந்த உழைப்புக்கு ஒரு கதிராவது பிடித்திருக்கக் கூடாதா? நட்ட நாற்றெல்லாம் மஞ்சளாகிக் கருகியது. கருகக் கருக இன்னும் கொட்டினாள்.

கெடு முடிந்ததும் தாலுகா ஆபீஸ் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ரத்து என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சிட்டம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.  

அந்த நேரம் பார்த்து ஜெயம்மாள் கூடையோடு வந்தாள். நடந்தது அவளுக்குத் தெரியாது. மண்ணை வாரிக்கொண்டே, சந்தோஷப்படுத்துவதாக நினைத்துச் சொன்னாள்.

"உன் கைராசிதான் சிட்டம்மா. முன்னல்லாம் இந்த உவர்மண்ணு போதாதுன்னு சாம்பத் தண்ணியும் ஊத்திக்கினு இருந்தேன். இப்போ இந்த மண்ணு ஒண்ணே போதும். துணி இன்னாமா வெளுக்குது தெரியுமா!"

சிட்டம்மாள் அவளையே பார்த்தாள். "சாம்பலும் உவர்மண்ணும் ஒண்ணா?"

"ரெண்டும் அழுக்கெடுக்கிற ஒரே காரந்தான? இது தெரியாதா உனக்கு?"

சிட்டம்மாள் கருகிக் கிடந்த நாற்றுகளைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து, நிறைந்த கூடையைத் தூக்கி ஜெயம்மாள் தலையில் ஏற்றிவிட்டாள். மறுநாள் வழக்கம்போல அடுத்தவர் வயலுக்கு நடவுக்குப் போனாள். அதற்குப் பிறகு புறக்கடையில் ஒரு கத்திரிச் செடிகூட அவள் வைக்கவில்லை.