கோபோல் புத்தகத்துக்குச் சந்தனப் பொட்டு

போன வாரம் புதுப் போன் வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததும் பிளாஸ்டிக் உறையின் வாசனை மூக்கில் ஏறியது. போன் இருந்தது, ஒயர் இருந்தது, எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் புத்தகம் மட்டும் இல்லை. ஒழிந்தது சனியன் என்று நினைத்துக்கொண்டேன். மேனுவல் என்றாலே எனக்கு ஆகாது.

ஏன் என்று கேட்பீர்கள். நான் கோபோல் படித்தவள். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் பழைய மொழி அது. மொழியின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதற்கு மேனுவல் எழுதினார்களே, அந்த மகானுபாவர்கள் மேல்தான். சந்தேகம் என்று ஒரு பக்கத்தைத் திறந்தால், அடுத்த பாகத்தில் பார்க்கவும் என்பார்கள். அங்கே போனால் முதல் பாகத்துக்கே திருப்பி அனுப்புவார்கள், தாலுகா ஆபீஸ் மாதிரி. நடுவில் ஒரு வெற்றுப் பக்கம் வரும். இந்தப் பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டுள்ளது என்று அதில் அச்சடித்திருப்பார்கள். அச்சடித்த பிறகு அது எப்படி ஐயா காலிப் பக்கம்? பல்லடத்தில் நான் படித்த சென்டரில் இந்தக் கண்றாவியின் மங்கிப்போன ஜெராக்ஸ்தான் பாடம். படித்துப் படித்து மண்டை காய்ந்தது.

சாமளாபுரத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் தறிக்காரர்கள். நான் திருப்பூருக்கு பஸ் ஏறுவதற்கே அப்பாவிடம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "ஒரு கெட்ட பேரு வந்துச்சுன்னா தறிக்கே வந்தரோணும் அம்மிணி" என்று சொல்லித்தான் அனுப்பினார். எனக்கோ அந்தத் தறிச் சத்தத்திலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது.

சேர்ந்தது ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி. முதலாளி குன்னத்தூர்ப் பக்கத்துப் பண்ணையத்துக்காரர். கம்ப்யூட்டரோடு வந்த கோபோல் மேனுவல்கள் தடித்தடியாக, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், அவர் அறையின் கண்ணாடி அலமாரியில் பையர்கள், அதாவது சரக்கு வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்கள், கொடுத்த பொம்மைகளுக்குப் பக்கத்தில் நின்றன. புதுக் காரின் சீட் உறையை அதுவாகக் கிழியும்வரை கழற்றாத ஊர் இது. ஆயுத பூஜையன்று கட்டிங் மெஷினுக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்த கையோடு, அந்த உறை மேலும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். வருஷா வருஷம் பொட்டு ஏறி ஏறி, புத்தகத்தின் பெயரே மறைந்துவிட்டது. பையர் வந்தால் முதலாளி அலமாரியைக் காட்டி, "ஆல் கம்ப்யூட்டர்" என்பார். வெள்ளைக்காரரும் என்னத்தைக் கண்டாரோ, தலையை ஆட்டிவைப்பார்.

புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் கோயமுத்தூரிலிருந்து வந்துபோகும் ஓர் ஆலோசகர். சித்திரை வெயிலிலும் டை கட்டுவார். என்ன கேட்டாலும் எல்லாம் மேனுவலில் இருக்கிறது என்று அலமாரிப் பக்கம் கையைக் காட்டுவார். அவர் பீற்றிக்கொள்வதைக் கேட்டால், அந்தப் புத்தகத்தையே அவர்தான் எழுதினார் என்று தோன்றும். என் வேலை, எந்தப் பெட்டியில் எத்தனை பனியன் என்று தட்டிக் கொடுத்து, பேக்கிங் லிஸ்ட் அச்சடிப்பது.

அதுவரை வராத அளவுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. நீல நிறத்தில் ஆயிரத்து இருநூறு பனியன் அனுப்பியிருக்க, லிஸ்ட் இருநூறு என்றது. மற்ற நிறங்களிலும் இப்படியே ஆயிரம் ஆயிரமாகக் குறைந்திருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கை நிறுத்திவிட்டார்கள். முதலாளி அறையில் பஞ்சாயத்து கூடியது. ஆலோசகர் அலுங்காமல் சொன்னார்: "மெஷின் தப்புப் பண்ணாதுங்க. பொண்ணுதான் தப்பாத் தட்டியிருக்கும்."

பனியன் கம்பெனிகளில் ஒரு பேச்சு கிளம்பினால் டீ ஆறுவதற்குள் ஊர் பூராவும் போய்விடும். கணக்கில் கோட்டை விட்டவள் என்று பேர் வந்தால் வேறு யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். அப்புறம் தறிதான்.

ஆனால் தப்பு எங்கே என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. மனிதர் தன் புரோகிராமில் மொத்தத்துக்கு மூன்று இலக்கம் மட்டும் இடம் விட்டிருந்தார். நாலாவது வந்தால், முன்னால் நிற்கும் எண்ணைக் கோபோல் சத்தமே போடாமல் வெட்டி எறிந்துவிடும். ஜெராக்ஸில் படித்திருந்தேன். சொன்னேன். அவர் சிரித்தார்.

"அப்படியெல்லாம் மேனுவல்ல இல்லீங்க அம்மிணி."

எனக்கு வந்ததே கோபம்.

"ஏனுங்க, கவரே பிரிக்கலையே, நீங்க எப்பப் பார்த்தீங்க?"

அவர் டையைத் தடவிக்கொண்டார். நான் அலமாரியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக முதலாளியின் மேஜையில் உதிர்ந்தது. அந்தப் பாழாய்ப்போன புத்தகம் அங்கே போ, இங்கே போ என்று அலைக்கழித்து, காலிப் பக்கத்தையும் காட்டி, கடைசியில்தான் அந்த வரியைக் கொடுத்தது. விரல் வைத்துக் காட்டினேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆலோசகரும் படித்தார், அநேகமாக முதல் தடவையாக.

முதலாளி கிழிந்த உறையை எடுத்து மேஜை மேல் வைத்து நீவிவிட்டார்.

"தப்பு உங்க மேல இல்லீங்க அம்மிணி. யாரு கேட்டாலும் நான் சொல்றேன். ஆனா சாமி கும்புட்டு வெச்சிருந்ததைய இப்படிக் கிழிச்சுப்போட்டீங்களே. நாளைக்கிருந்து வர வேண்டாமுங்க."

கேட்டுக்கொண்டீர்களா? சரக்கை மாட்டிவிட்டவருக்கு வேலை இருந்தது, பிளாஸ்டிக்கைக் கிழித்தவளுக்கு இல்லை. சொன்ன சொல்லை முதலாளி காப்பாற்றினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அடுத்த கம்பெனி விசாரித்தபோது நல்லபடியாகவே சொல்லியிருக்கிறார். தறிக்குப் போகாமல் தப்பினேன். ஆனாலும் அந்தப் பக்தியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இன்று எங்கள் பக்கம் கோபோலும் இல்லை, மேனுவலும் இல்லை. எடைக்குப் போட்டிருப்பார்கள். இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் வருகைக் கணக்கு போன் செயலியில் ஏறுகிறது. போன மாதம் ஒடிசாவிலிருந்து வந்த தையல்காரர் ஒருவர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். வந்த நாட்களுக்கெல்லாம் அவர் வரவில்லை என்று செயலி காட்டியது. எந்தக் கணக்கில் அப்படிச் சொல்கிறது என்று செயலிக்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டேன். சிஸ்டம் அப்படித்தாங்க காட்டுது என்றான் ஒருவன். அது எங்கே எழுதியிருக்கிறது என்றேன். எழுதியெல்லாம் இல்லீங்க மேடம், அதுவே அப்டேட் ஆகிக்கும் என்றான்.

"மே ஆயா தா, மேடம்" என்றார் தையல்காரர். இந்தியில் நான் வந்தேன் என்று அர்த்தம். வந்தது எனக்கும் தெரியும், இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை எந்த வரியில் விரல் வைத்துக் காட்டுவது?