அண்ணாவின் லொறியும் அரைவிரல் வித்தியாசமும்

அன்பான உறவினர்களுக்கும், அண்ணாவின் லொறியை ஒருமுறையேனும் இறங்கித் தள்ளிய நண்பர்களுக்கும்,

அண்ணா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணாவின் மனைவியான என் மச்சாள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். "அவரோட கூடுதலாச் சண்டை பிடிச்சது நீங்கள்தானே மச்சாள், உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்றார். அது உண்மை. இறந்தவரைப் பற்றி நல்லதே எழுத வேண்டும் என்பார்கள். எழுதுகிறேன். ஆனால் லொறியின் அந்தப் பின் அச்சை விட்டுவிட்டு அண்ணாவைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

அண்ணா மன்னார்த் தீவில் ஒரு கடற்றொழில் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். படிப்பைப் பாதியில் விட்டு அப்பாவோடு கடலுக்குப் போனார். யுத்த காலத்தில் நாங்கள் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய் அகதி முகாமில் இருந்தபோது அப்பா காலமானார். அதன்பின் அம்மாவையும் என்னையும் காப்பாற்றியவர் அண்ணாதான். கூலிக்குப் போன இடத்தில் லொறிகளோடு பழகி, அந்தப் பைத்தியம் அவருக்குத் தலைக்கேறியது. ஊர் திரும்பியபோது வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. பழைய லொறி ஒன்றை வாங்கி, அறுவடைக்கு நானாட்டானிலிருந்து நெல்லும் மற்ற நாட்களில் கருவாடும் ஏற்றினார். அந்த லொறியால்தான் எனக்குக் கலியாணம் நடந்தது. அவருடைய பெண்பிள்ளைகள் இருவரும் படித்ததும் அதனால்தான். இந்த நன்றியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இனி அச்சுக்கு வருகிறேன்.

ஓர் அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளோடு லொறியின் பின் அச்சு முறிந்தது. வவுனியாப் பக்கம் பழைய லொறிகளை உடைத்து விற்கும் இடமொன்றில் வேறு இன லொறி ஒன்றின் அச்சு கிடப்பதாக அண்ணாவுக்குத் தகவல் வந்தது. அச்சு எதுவானாலும் அதன் போல்ட்டுகள் நமது சில்லின், அதாவது சக்கரத்தின், ஓட்டைகளுக்குள் நுழைய வேண்டும். இது அண்ணாவுக்குத் தெரியாததல்ல. எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, எதிரெதிர்ப் போல்ட்டுகளுக்கு இடையிலான தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தவர் அவர்தான்.

ஆனால் அந்தத் தூரத்தை எதனால் அளந்தார் தெரியுமா? தங்கூசியால்! மீன் பிடிக்கும் தங்கூசி நூலை எங்கள் லொறிச் சில்லின் ஓட்டைகளுக்குக் குறுக்கே பிடித்து, முடிச்சுப் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். வலைக்கண்ணைத் தொட்டுப் பார்த்தே அளவு சொல்லும் கைக்கு இரும்பு நாடா எதற்கு என்ற எண்ணம். அங்கே போய் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கிறார். தங்கூசியை இழுத்தால் நீளும் என்பது எங்கள் ஊரில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். பெரிய மீன் இழுக்கும்போது நீளும் தங்கூசி, அண்ணா இழுக்கும்போது நீளாதாக்கும்!

அச்சு வீட்டுக்கு வந்தது. ஒரு போல்ட் நுழைந்தால் எதிர்ப் போல்ட் நுழையவில்லை. அரைவிரல் வித்தியாசம். விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அண்ணா அலட்டிக்கொள்ளவில்லை. அந்த அச்சுக்குப் பொருந்தும் சில்லுகளைத் தேடிப் பிடித்துப் பின்னால் பூட்டினார். அன்றிலிருந்து லொறிக்கு முன்னால் ஓரினச் சில்லு, பின்னால் வேறினச் சில்லு. போகுமிடமெல்லாம் இரண்டு ஸ்பெயார் சில்லுகள் சுமக்க வேண்டும். இரண்டாவது சில்லு மூட்டை வைக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது.

ஒருமுறை குடும்பமாக மடு மாதா கோயிலுக்குப் புறப்பட்டோம். சமையல் கிடாரத்துக்கு இடம் போதவில்லை என்று முன்சில்லின் ஸ்பெயாரை அண்ணா வீட்டில் இறக்கி வைத்துவிட்டார். காட்டுப் பாதையில் எந்தச் சில்லு காற்றுப் போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெயிலில் குந்தியிருந்து செபமாலை சொன்னோம். நான் செபத்தை விட்டுவிட்டு அண்ணாவை ஏசினேன். "முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு. இது லொறியா அண்ணா, கோமாளியா?"

"ஓடுதுதானே பிள்ளை" என்றார்.

"இப்ப ஓடுதா?"

"இப்ப நிக்குது. பிறகு ஓடும்."

இந்த மனிதரோடு என்ன கதைப்பது? மன்னார்க் கழுதைகூட ஹோர்ன் அடித்தால் கொஞ்சம் விலகும். அண்ணா விலக மாட்டார். சரியான அச்சைத் தேடி மாற்றச் சொல்லிக் கராச்சுக்காரர் சொன்னார், மச்சாள் சொன்னார், பங்குத் தந்தையும் சொல்லிப் பார்த்தார். நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் "அந்த அச்சு நல்ல அச்சு" என்று என்னோடு வாதாடினார். இரண்டு நாளில் போய்விட்டார்.

மச்சாளுக்கு மிஞ்சியது அந்த லொறிதான். அதை ஓட்டினால்தான் வீட்டில் அடுப்பெரியும். ஆனால் கூலிக்கு அமர்த்திய சாரதி வந்து சில்லுகளைப் பார்த்ததும், "அக்கா, இதைக் கொண்டு தூரப் பயணம் போகேலாது" என்று கைவிரித்தார். வாங்க வந்தவர் "இரும்பு விலைக்கெண்டா எடுக்கலாம்" என்றார். அறுவடையோ நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தவறவிட்டால் லொறியை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் லொறி இனத்துக்குரிய அச்சொன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும் அளந்து பார்க்க நான் இரும்பு நாடாவோடு மச்சாள் வீட்டுக்குப் போனேன். மச்சாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அளக்கிறதை விடுங்கோ. சில்லையே கொண்டு போவம்" என்றார். முன்சில்லைக் கழற்றி ஓட்டோவில் ஏற்றினோம். இருவரின் சேலையிலும் கிறீஸ். அங்கே போய்ச் சில்லைத் தூக்கி அந்த அச்சில் மாட்டினார்கள். எல்லாப் போல்ட்டும் சத்தமில்லாமல் நுழைந்தன. மச்சாள் அங்கேயே நின்று அழுதார். நான் அழவில்லை. இவ்வளவு லேசான காரியத்துக்கா இத்தனை வருஷம் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கராச்சுக்காரர் அச்சை மாற்றி, எங்கள் இனச் சில்லுகளையே பின்னாலும் பூட்டித் தந்தார்; அறுவடைக்கு லொறி ஓடியது. வவுனியா ஆலைக்கு நெல் இறக்கப் போன முதல் பயணத்தில் மச்சாளும் கூடப் போனார். திரும்பும் வழியில் எனக்குப் போன் எடுத்தார்.

"மச்சாள், மெல்லமாத்தான் வாறம். ஸ்பெயார் சில்லு இல்லை."

"ஏன், என்ன நடந்தது?"

"செட்டிகுளத்துக்குக் கிட்ட ஒரு லொறி சில்லு வெடிச்சு ரோட்டில நிண்டது. ஓட்டி வந்தவர் மனிசி, பிள்ளையளோட பாவம். எங்கட சில்லு அதுக்குப் பொருந்தினது. குடுத்திட்டன்."

"ஆரெண்டு தெரியாத ஆளுக்கா? உங்கட சில்லு வெடிச்சா என்ன செய்வீங்கள்?"

"அதுக்கு இப்பவே கவலைப்படுறதோ? பொருந்தினது மச்சாள், அப்பிடியே பொருந்தினது!"

போனை வைத்துவிட்டு, அண்ணா இறந்த நாளில் அழாத அழுகையெல்லாம் அழுதேன்.

சில்லு வாங்கிய அந்தச் சகோதரர் பின்னர் குடும்பத்தோடு வீடு தேடி வந்து சில்லைத் தந்துவிட்டுப் போனார். இன்றைய திருப்பலிக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும், அண்ணாவை ஆஸ்பத்திரியில் பராமரித்தவர்களுக்கும், சேமக்காலைவரை பெட்டி சுமந்து தோள் கொடுத்தவர்களுக்கும், பங்குத் தந்தைக்கும், கராச்சுக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் உளமார்ந்த நன்றி.

அண்ணாவோடு மல்லுக்கட்டியது போதும், இனி எனக்கு ஓய்வு என்று நினைத்திருந்தேன். மச்சாள் இருக்கும்வரை அது கிடைக்காது போலிருக்கிறது. அதற்காகவும் ஆண்டவருக்கு நன்றி.

தங்கச்சி