பச்சை மையில் ஒரு சரிக்குறி

எஸ்டேட் கிளினிக்கில் முப்பத்து நான்கு வருடம் மருத்துவ உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரத்தம் எடுக்குமுன் எத்தனை மணி நேரம் பட்டினி, எந்தக் குழாய்க்கு எந்த நிற மூடி, எல்லாம் அத்துப்படி. ஆகவே தவறையும் முறைப்படியே செய்தேன்.

என் மனைவியின் தம்பி தேயிலை லாரி ஓட்டுகிறான். தைப்பூச விரதத்தின் கடைசி வாரம் அவனைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். நாற்பத்தெட்டு நாள் கறி தொடாவிட்டால் ரிப்போர்ட் அழகாக வரும்; லயத்துத் தொழிலாளர் வீடுகளில் எல்லாருக்கும் இந்தத் தந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். வந்தது. கெட்ட கொழுப்பு எல்லைக்குள். பச்சை மையில் சரிக்குறி போட்டேன். அவன் அந்தத் தாளைச் சாமி மேடையில் முருகன் படத்தடியில் வைத்தான்.

போன வாரம், மேடேறினால் நெஞ்சு இறுகுகிறது என்றான். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

"நீங்கதான மாமா டிக் போட்டீங்க? அது வெறும் வாயுக் காத்துதான் லா."

எனக்குச் சர்க்கரை பார்க்கும் இளம் டாக்டரிடம் அந்தத் தாளின் நகலைக் காட்டி, அவனுக்கு நெஞ்சு இறுகுவதையும் சொன்னேன்.

"அங்கிள், இந்தக் கெட்ட கொழுப்பு நம்பர் சரக்கோட எடை மட்டுந்தான். அதே தேயிலைய பத்து லாரிலயும் ஏத்தலாம், நூறு மோட்டார் சைக்கிள்லயும் ஏத்தலாம். மலைரோட்டுல எது ஆபத்து?"

அவர் விளக்கினார்: ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்கள் சிறியவையானால், அதே அளவைச் சுமக்க அதிகத் துகள்கள் வேண்டும். எண்ணிக்கை கூடினால், ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்குபவையும் கூடும். டிரைகிளிசரைடு ஏறி, நல்ல கொழுப்பு இறங்கியிருந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். இரண்டும் அதே தாளில்தான் இருந்தன. விரதத்தில் கறிக்குப் பதில் சோறும் கேசரியும் டின்பால் டீயுமாக வெளுத்துக் கட்டியிருக்கிறான். நானோ ஒரு வரியை மட்டும் படித்திருக்கிறேன்.

"துகள எண்ணவும் டெஸ்ட் இருக்கு. ஆனா அதெல்லாம் அப்புறம். முதல்ல அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னைக்கே."

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். சாமி மேடையிலிருந்து தாளை எடுத்தேன்.

"என்ன மாமா, பூசை பண்ணவா?"

"நான் போட்டது தப்பு, மச்சான்." சரிக்குறியின் மேல் கோடு கிழித்தேன்.

சிரிக்கப் பார்த்தான். கை நெஞ்சுக்குப் போனது. "அப்ப விரதம்?"

"சாமிக்கு இருந்தது சாமிகிட்ட இருக்கட்டும். கார்ல ஏறு."

நான் ஓட்டினேன். பக்கத்தில் அவன் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. மலை இறக்கத்தின் ஒவ்வொரு வளைவிலும் மெல்லிய குரலில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான்: "கியர இறக்குங்க மாமா... இறக்குங்க." இறக்கினேன். அவன் குரல் நிற்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன்.